டகோட்டா சேர்ப்பதற்கு முன் ஒரு வெர்னியர் வாங்குங்கள்

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பகல் முழுக்க பம்புசெட் ஷாஃப்ட் கடைசல். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கண்ணாடி அலமாரி. அதில் பதினொரு டகோட்டாக்கள் நிற்கின்றன. அமெரிக்கர்கள் சி-47 என்றும் பிரிட்டிஷ்காரர்கள் டகோட்டா என்றும் சொன்ன அதே இரட்டை எஞ்சின் ராணுவச் சரக்கு விமானம். எல்லாம் டை காஸ்ட், அச்சில் வார்த்த சின்ன உலோக மாடல்கள். ஒரே விமானத்தை எதற்குப் பதினொன்று என்று வீட்டில் கேட்காத நாளில்லை. பத்தாயிரத்துக்கு மேல் செய்து, எத்தனையோ நாடுகள் ஓட்டிய விமானம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேஷம், அதாவது நிறமும் சின்னமும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கும் அதையே சொல்வேன்: கண்டதையெல்லாம் வாங்காதீர்கள், ஒரு விமானத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதைக் கரைத்துக் குடித்தவரை யாரும் சுலபத்தில் ஏமாற்ற முடியாது.

அடுத்தது அளவு. நான் முதலில் வாங்கியது 1:144 டகோட்டா, அதாவது நிஜத்தில் 144-இல் ஒரு பங்கு. அடுத்த மாசமே 1:200-இல் ஒரு சி-130 ஹெர்குலிஸ், நாலு எஞ்சின் ராணுவச் சரக்கு விமானம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் இறக்கை முனைக்கு முனை 20 சென்டிமீட்டர், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. நிஜத்தில் டகோட்டாவுக்கு 29 மீட்டர், ஹெர்குலிஸுக்கு 40 மீட்டர். பார்க்கப் பார்க்க எரிச்சல். 144-ஐக் கொடுத்துவிட்டு 200-க்கு மாறினேன். அதில் டகோட்டா பதினாலரை சென்டிமீட்டர்தான். இறக்கையை ஒட்டி ஒட்டி வைத்தால் ஒரு தட்டில் நாலைந்து நிற்கும். 1:72 பார்க்க அழகு, ஆனால் ஒன்றே 40 சென்டிமீட்டர், ஒரு தட்டையே தின்றுவிடும். 1:400-இல் எழுத்தைப் படிக்க லென்ஸ் வேண்டும். எந்த அளவானாலும் சரி, ஒன்றில் நில்லுங்கள். பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். இறக்கையை அளந்து பெருக்கிப் பாருங்கள். மில்லியின் பின்னத்தையும் அளக்கும் வெர்னியர் பட்டறைக்கு மட்டுமல்ல.

அப்புறம், வாங்குவது சி-47தானா என்று பாருங்கள். இதே குடும்பத்துப் பயணிகள் விமானமான டிசி-3 அச்சில் வார்த்து, மேலே பச்சை பூசி ராணுவ விமானம் என்று விற்பதும் உண்டு. இடது பக்கம் வால் அருகே இரட்டைக் கதவு பெரிதாக இருக்க வேண்டும். ஜீப் ஏறும் கதவு அது. விமானி அறைக்குப் பின்னால் கூரையில் நட்சத்திரம் பார்த்து வழி கணிப்பதற்கான சின்னக் கண்ணாடிக் குமிழ். வாலின் கடைசி முனை கூராக இல்லாமல் மொண்ணையாக இருந்தால் சந்தோஷம். எஞ்சின் இல்லாத கிளைடர் விமானத்தை இழுப்பதற்காக அதைக் குறைத்தார்கள். ஆன்லைனில் வாங்கினால் இடது பக்கப் படமும் அடிவயிற்றுப் படமும் கேளுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

வேஷம்தான் எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நிற்கிறேன். 1944 ஜூன் 6 நார்மண்டி தரையிறக்கத்தின் விமானம் என்றால் உடலிலும் இறக்கையிலும் ஐந்து பட்டை: வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. வெள்ளையில் ஆரம்பித்து வெள்ளையில் முடிய வேண்டும். இரட்டை எஞ்சின் விமானத்துக்குப் பட்டை ஒன்று இரண்டடி. 1:200-இல் அது மூன்று மில்லி, ஐந்தும் சேர்ந்து ஒன்றரை சென்டிமீட்டர். என்னிடம் இருக்கும் ஒன்றில் பட்டை நாலரை மில்லி, வரிக்குதிரை மாதிரி. நிஜத்தில் புறப்படுவதற்குச் சில நாள் முன்பு பிரஷ்ஷால் அவசர அவசரமாக அடித்தவை. மாடலில் ஓரம் லேசாகக் கோணியிருந்தால் குறை சொல்ல மாட்டேன்.

அமெரிக்க நட்சத்திரம் தேதியையே சொல்லிவிடும். 1942 மே வரை நட்சத்திரத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு. ஜப்பான் சின்னம் என்று சொந்த ஆட்களே சுட்டுவிடக் கூடாதென்று எடுத்துவிட்டார்கள். 1943-இல் இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை வந்தது. 1947 ஜனவரியில் அந்த வெள்ளைக்கு நடுவே சிவப்புக் கோடு. ஆக, 1948 முற்றுகையின்போது பெர்லினுக்கு மாவும் நிலக்கரியும் கொண்டுபோன விமானத்தில் சிவப்புக் கோடு இருக்க வேண்டும், நார்மண்டி விமானத்தில் இருக்கக் கூடாது. பர்மா போர்முனையில் பிரிட்டிஷ் டகோட்டாக்களின் வட்டச் சின்னத்திலும் இதே காரணத்துக்காகச் சிவப்பு கிடையாது. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்ததால் இரண்டு தடவை என் பணம் மிச்சமானது.

வார்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கையில் கனத்தால் உசத்தி என்று நினைக்காதீர்கள். துத்தநாகம் கனக்கத்தான் செய்யும். இறக்கையின் பின்விளிம்பைப் பாருங்கள். 1:200-இல் அங்கே ஒரு மில்லி தடிமன் என்றால் நிஜ விமானத்தில் 20 சென்டிமீட்டர், சுவர் கணக்கு. தகடு இணையும் கோடுகள் ஆழமாக இருந்தாலும் இதே கதைதான். விளிம்பில் பிசிறு இருந்தால் அச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள்.

வீட்டில் வைப்பது பெரிய வித்தை இல்லை. நேர் வெயில் வேண்டாம், தூசிக்கு மேக்கப் பிரஷ் போதும். கரப்பானுக்குப் பயந்து நான் அலமாரியில் பாச்சை உருண்டை போட்டேன். ஆறு மாசத்தில் பிளாஸ்டிக் புரொப்பெல்லர்கள் பிசுபிசுத்து வளைந்துவிட்டன. ரப்பர் டயரையும் பிளாஸ்டிக் ஸ்டாண்டில் நேராக உட்கார வைக்காதீர்கள், நாளாவட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். அடியில் ஒரு துண்டு காகிதம்.

பழையது வாங்கினால் வேறொரு ஆபத்து. வார்க்கும்போது துத்தநாகத்தில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் போதும், உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, புடைத்து, விரிசல் விட்டுப் பொடிந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பொம்மைகளில் அதிகம். மருந்து கிடையாது, பக்கத்து விமானத்துக்குத் தொற்றாது என்பதுதான் ஆறுதல். டகோட்டா மட்டுமே என்ற என் விதியை மீறி ஒரு பழைய மூன்று எஞ்சின் யுங்கர்ஸ், ஜெர்மன் விமான மாடல், வாங்கினேன். இறக்கையடியில் மயிரிழை போலக் கோடு. பெயிண்ட் கீறல் என்று விட்டுவிட்டேன். இப்போது அது டூல் பெட்டியில், ரீமருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவும்போது எடுத்து அளப்பேன். போன வருஷம் இறக்கை 0.3 மில்லி வளர்ந்திருந்தது.