பழைய இரட்டைச் சிலிண்டர் ஸ்கூபா கருவியை வாங்கும் முன்

உதகையிலோ குன்னூரிலோ பழைய வீட்டுப் பொருள்களோடு நீருக்கடியில் மூச்சுவிட உதவும் இரட்டைச் சிலிண்டர் ஸ்கூபா கருவி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், முதலில் அதன் வால்வைப் பாருங்கள். நீருக்கடியில் நீண்ட நேரம் இருக்கப் போதுமான காற்றும், முதுகின் இருபுறமும் சமமாகப் பரவும் எடையும் அதன் மெய்யான நன்மைகள். ஆனால் இரு சிலிண்டர்களையும் இணைக்கும் பழைய குழாயின் நடுவே பெரும்பாலும் தடுப்பு வால்வு இருக்காது. ஓரிடத்தில் கசிந்தால் இரண்டின் காற்றும் வெளியேறிவிடும். அழுத்தமானி இல்லாமல், இறுதிக் கையிருப்பைத் திறக்கும் கம்பியை மட்டுமே நம்பியவையும் பல. காற்று குறையும்போது மூச்சிழுப்பது கடினமாவதே அவற்றில் எச்சரிக்கை; அக்கம்பி முன்பே தவறுதலாக இழுபட்டிருந்தால் அந்த எச்சரிக்கையே கிடைக்காது. 6351 என்னும் அலுமினியக் கலவையில் செய்த பழைய சிலிண்டர்கள் கழுத்துப் பகுதியில் விரிசல் கண்டு வெடித்ததுண்டு என்பதால், அவற்றை நிரப்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எஃகுச் சிலிண்டராயின், உட்புறத் துரு ஆய்வும் நீரழுத்தச் சோதனையும் முடிந்த பிறகே நிரப்புங்கள்.

மலைவாழ் மக்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ராமேஸ்வரத்திலோ புதுச்சேரியிலோ மூழ்கிவிட்டு உடனே மலையேறுவது விமானம் ஏறுவதற்கு நிகரான ஆபத்துடையது; உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், மூழ்கும்போது உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாக மாறக்கூடும். இரட்டைச் சிலிண்டர் தரும் கூடுதல் நேரத்தில் உடலில் கரையும் நைட்ரஜனும் கூடுவதால், பலமுறை மூழ்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரமாவது சமவெளியிலேயே தங்க வேண்டும்.