ஒற்றைச் சிறுநீரகத்தோடு ஓடுவது எப்படி?

தம்பிக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்து நாலு வருடம் ஆகிறது. டாக்டர் சம்மதித்த பிறகு சொத்தவிளை கடற்கரையில் நடக்கத் தொடங்கினேன், இப்போது வாரத்தில் நாலு நாள் ஓடுகிறேன். அம்மாவுக்கு இன்னும் பயம்தான். ஆனால் எஞ்சிய சிறுநீரகம் கொஞ்சம் பெருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் 60 முதல் 70 சதவீதத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது. அளவான ஓட்டம் அதைக் கெடுக்காது. உடம்பு வறண்டால்தான் ஆபத்து.

முதலில் எடை. ஓடும் முன்னும் பின்னும், வியர்த்த துணியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து ஈடுகட்டுங்கள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள், ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். இதற்குச் சாதாரண டிஜிட்டல் எடை மெஷினே போதும், ஸ்மார்ட் வாட்ச் காட்டும் வியர்வைக் கணக்கை நான் நம்புவதில்லை. ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏற்கெனவே கூடியவர்கள் இளநீரை டாக்டரிடம் கேட்காமல் குடிக்க வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம்.

அடுத்தது வலி மாத்திரை. நான் தவறியது இங்கேதான். ஒரு மே மாதம் மருந்துவாழ்மலை ஏறி இறங்கியதில் முட்டி வலி. கொண்டுபோன தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. வரும் வழியில் மெடிக்கலில் கேட்டதும் டைக்ளோஃபினாக் கொடுத்தார்கள். ஒற்றைச் சிறுநீரகம் என்று நான் சொல்லவில்லை. மூன்று நாள் போட்டேன். அந்த வாரம் எடுத்த பரிசோதனையில் 1.1 ஆக இருந்த கிரியேட்டினின் 1.6. மாத்திரையை நிறுத்திய பிறகுதான் மெல்ல இறங்கியது.

காரணம் இதுதான்: உடம்பில் நீர் குறையும்போது, சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாயைச் சுருங்கவிடாமல் காப்பது உடம்பே சுரக்கும் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள். டைக்ளோஃபினாக்கும் ஐபுபுரூஃபனும் அது சுரப்பதையே தடுக்கின்றன. தண்ணீரும் இல்லை, அந்தக் காவலும் இல்லை என்றால் வடிகட்டலுக்குப் போதிய ரத்தம் போகாது. இப்போது எனக்கு ஐஸ் ஒத்தடம்தான், தாங்காவிட்டால் டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால். 'ஒற்றைச் சிறுநீரகம்' என்று எழுதிய சீட்டை போன் கவரில் வைத்திருக்கிறேன். மெடிக்கலில் வாய் திறக்கும் முன்பே அதைக் காட்டிவிடுங்கள்.

அப்புறம் பரிசோதனை. வருடம் ஒரு முறையாவது ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் பார்க்க வேண்டும். முந்தின நாள் கடுமையாக ஓடினால் ஆல்புமின் கூடுதலாகக் காட்டலாம், அதனால் ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டுக் கொடுங்கள். உடற்பயிற்சிக்குப் பின் சிறுநீர் கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பின்சேர்க்கை: ஜிம் போகும் ஒருவர் கிரியேட்டின் பவுடர் பற்றிக் கேட்டிருந்தார். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அது கிரியேட்டினின் அளவை உயர்த்திக் காட்டும். உண்மையிலேயே கோளாறு வந்தால் பிரித்தறிவது சிரமம். நான் தொடுவதில்லை. இன்னொருவர் மகனுக்குப் பிறவியிலேயே ஒரு சிறுநீரகம்தான், அடிமுறை என்ற தற்காப்புக் கலை படிக்கிறான். தனியாகச் செய்யும் சுவடு (அடிவைப்புப் பயிற்சி) தாராளமாகப் பழகட்டும். எதிராளியோடு மோதும் பயிற்சி வரும்போது விலாவுக்குக் கீழே அடி விழலாம். ஆசானிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, சிறுநீரக டாக்டர் சரி என்ற பிறகு இறக்குங்கள்.