செங்கோட்டைக்கு ஒரு வார வானிலைக் குறிப்பு: மேகம் பார்த்து எழுதப் பழகலாம்

தென்காசி மாவட்டத்துக்கு வானிலை அறிக்கை தினமும் வருகிறது. ஆனால் மாவட்டம் முழுக்க ஒரே வானம் கிடையாது. ஜூலை மாதம் செங்கோட்டையில் குடையோடு பஸ் ஏறுகிறவர், சங்கரன்கோவிலில் சுள்ளென்ற வெயிலில் இறங்குவார். ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாயின் வாசலில் இருக்கும் ஊர், இன்னொன்று மலை தடுப்பதால் மழை எட்டாத மழை மறைவில் கிடக்கும் ஊர். அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே வரிதான். அந்த வரியை நம் ஊருக்கு ஏற்றபடி பிரித்துப் படிக்க மேகம் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு நோட்டு, நேரான சுவருள்ள பிளாஸ்டிக் டப்பா, ஸ்கேல், மலை தெரியும் மொட்டைமாடி இருந்தால் இன்றே ஆரம்பித்துவிடலாம்.

படி 1: காலை 8.30 மணிக்கு மழையை அளங்கள்

வானிலை நிலையங்கள் 24 மணி நேர மழையைக் காலை 8.30 மணி வரைதான் கணக்கிடுகின்றன. நாமும் அதே நேரத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். டப்பாவை மரமும் சுவரும் ஒட்டாத வெட்டவெளியில் வையுங்கள். தேங்கிய தண்ணீர் 10 மில்லிமீட்டர் உயரம் என்றால் மழையும் 10 மி.மீ. வாய் அகன்று அடி குறுகிய வாளி வேண்டாம், அளவு தப்பாகும். ஸ்கேலில் பூஜ்யக் கோடு நுனியிலிருந்து கொஞ்சம் தள்ளித் தொடங்கும். அந்த இடைவெளியையும் சேர்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 2: காற்றைக் குறியுங்கள்

எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதுதான் காற்றின் பெயர்: மேலைக்காற்று (மேற்கு), வாடை (வடக்கு), கொண்டல் (கிழக்கு), தென்றல் (தெற்கு). தரையில் வீசும் காற்றும் மேகத்தைத் தள்ளும் காற்றும் வேறாக இருக்கலாம். ஒரு தென்னை உச்சியை அடையாளமாக வைத்து, மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையும் எழுதுங்கள்.

படி 3: மேகத்தை அடையாளம் காணுங்கள்

1802இல் லண்டனில் மருந்துத் தொழில் செய்துவந்த லூக் ஹோவர்ட் மேகங்களை உருவத்தை வைத்துப் பிரித்துப் பெயரிட்டார். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய 10 வகைப் பட்டியல். தொடங்குகிறவர்களுக்கு நான்கு போதும்.

கீற்று மேகம் மிக உயரத்தில், பெரும்பாலும் 6 கிலோமீட்டருக்கு மேல், பனித்துகள்களால் ஆனது. கோதிவிட்ட நார் மாதிரி இருக்கும். மழை தராது. அது மெல்லிய திரையாகப் பரவும்போதுதான் நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரியும். ‘அகல் வட்டம் பகல் மழை’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு இருக்கும் வாரத்தில் அந்த வட்டத்தைக் குறித்து வையுங்கள். மற்ற நாட்களில் அதை மட்டும் நம்பி மழை என்று எழுத வேண்டாம்.

செம்மறியாட்டு மேகம் மந்தை மந்தையாக வரும். தலைக்கு மேலே பார்த்துக் கையை முழுக்க நீட்டுங்கள். ஒவ்வொரு உருண்டையும் ஒரு சுண்டுவிரல் அகலத்துக்கும் மூன்று விரல் அகலத்துக்கும் நடுவில் இருந்தால் இதுதான். மூன்று விரலையும் தாண்டினால் அது தாழ்வான படைத்திரள் மேகம்.

படை மேகம் உருவமில்லாத சாம்பல் போர்வை. நம் ஊரில் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை ஆறரை மணிக்கு மாடியில் நின்று பாருங்கள். கேரளப் பக்கமிருந்து ஏறி வரும் மேகம் மலை முகட்டில் படுத்திருக்கும். முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வழியும், பாதி வழியிலேயே காணாமல் போகும். இறங்கும் காற்று சூடாவதால் மேகத்துளிகள் ஆவியாகிவிடுகின்றன. அந்த விளிம்பு எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். முகட்டோடு நின்றால் அன்று பெரும்பாலும் காற்று மட்டும்தான். மலையின் இடுப்பு வரை இறங்கிவிட்டால் ஊருக்குள் சாரலை எதிர்பார்க்கலாம். பத்து நாள் தொடர்ந்து அந்த விளிம்பைப் படமாக வரைந்தால் கண் பழகிவிடும்.

திரள் மேகம் பஞ்சுப் பொதி மாதிரி, அடி தட்டையாக இருக்கும். அகலம் அதிகமாகவும் உயரம் குறைவாகவும் இருந்தால் பயமில்லை. ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் மதியத்துக்கு மேல் அது காலிஃபிளவர் மாதிரி மேலே மேலே பொங்கினால் கவனம் தேவை. உச்சி மழுங்கிக் கொல்லர் பட்டறைக் கல் போல விரிந்தால் அது கார்திரள் மேகம். இடி, மின்னல், கொட்டும் மழை எல்லாம் அதற்குள் இருக்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எத்தனை விநாடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மாடியை விட்டு இறங்கிவிடுங்கள்.

2024 மே 17 அன்று, மலைமேல் பெய்த மழையால் பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அதனால் மலைமேல் கார்திரள் தெரிந்தால், ஊரில் வெயில் அடித்தாலும், ‘அருவிக்குப் போக வேண்டாம்’ என்று குறிப்பில் முதல் வரியாக எழுதுங்கள்.

படி 4: அறிக்கையின் சொற்களைப் பிரித்துப் படியுங்கள்

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில்’ என்றால், மழையை அளக்கும் இடங்களில் கால்பங்கு வரைதான் மழை. 15.6 முதல் 64.4 மி.மீ. வரை மிதமான மழை, 64.5 முதல் கனமழை. ஆக, ‘ஓரிரு இடங்களில் மிதமான மழை’ என்று வந்தால், அந்த ஓரிரு இடத்தில் நாமும் இருப்போமா என்பதை மலையும் காற்றும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

படி 5: குறிப்பை எழுதுங்கள்

முதல் மூன்று நாட்களை விவரமாக, மற்ற நாட்களைப் பொதுவாக எழுதுங்கள். ஆறாம் நாள் மாலை நான்கு மணிக்கு மழை என்றெல்லாம் மேகம் பார்த்துச் சொல்ல முடியாது. அக்டோபர் முதல் வாரத்துக்கு ஒரு மாதிரி:

“திங்கள் முதல் புதன்: காலையில் தெளிவான வானம். மதியம் மலைமேல் திரள் மேகம் வளரும். மாலையில் இடியுடன் மழைக்கு வாய்ப்பு. ரோட்டோரம் கார் பருவ நெல் காயப்போடுகிறவர்கள் இரண்டு மணிக்குள் அள்ளிவிடுவது நல்லது. வியாழன் முதல் ஞாயிறு: மேலைக்காற்று குறைந்து கொண்டல் வரலாம். மழை கூடுமா என்பது புதன்கிழமை தெரியும்.”

மி.மீ. கணக்கைவிட அந்த நெல் வரிதான் படிக்கிறவர்களுக்கு உதவும். அப்புறம், புதன்கிழமை மறக்காமல் மீதி நாட்களைத் திருத்தி எழுதுங்கள்.

படி 6: சரிபாருங்கள்

ஞாயிறு மாலை, எழுதியதற்குப் பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள். மழை என்று எழுதி வராத நாளையும், எழுதாமல் வந்த நாளையும் தனித்தனி நிறத்தில் குறியுங்கள். கணிப்பு தப்பிய நாளில் அன்று காலை மேக விளிம்பு எங்கே நின்றது, காற்று எது என்று பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த வாரத்தின் முதல் வரியைத் தொடங்குங்கள்.