வாய் கோணினால் காதையும் பாருங்கள்

காலையில் பல் தேய்த்துவிட்டுப் பிள்ளை வாய் கொப்பளிக்கிறான். தண்ணீர் ஒரு ஓரமாக ஒழுகுகிறது. சிரிக்கச் சொன்னால் வாய் வலப்பக்கம் இழுக்கிறது, இடது கண் மூடவில்லை. பாளையங்கோட்டையோ அம்பாசமுத்திரமோ, வீட்டில் முதலில் வரும் பேச்சு, “காத்து பட்டிருக்கும், ஆச்சி பத்துப் போடட்டும்” என்பதுதான். நாலு நாள் முன்பு அவன் காதைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க அழுதது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

பெரிய தவறு இதுதான். முகத்தை அசைக்கும் நரம்பு நடுக்காதை ஒட்டி, மெல்லிய எலும்புக் குழாய்க்குள் ஓடுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்தக் குழாய் சில இடத்தில் மூடாமல் இருக்கும். நடுக்காதில் சீழ் கட்டினால் நரம்பும் வீங்கி, நெற்றி உட்பட அந்தப் பக்க முகமே அசையாமல் போகலாம். டாக்டரிடம் முகத்தை மட்டும் காட்டாமல் காது வலி, காய்ச்சல், சீழ் எல்லாவற்றையும் சொல்லுங்கள். காதில் கோளாறு இல்லாமல் தானாக வரும் முகவாதத்துக்கு வைத்தியம் வேறு.

வாய் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அது நல்ல பக்கம். கோளாறு எதிர்ப்பக்கம். பதற்றத்தில் இதை மாற்றிச் சொல்லிவிடுகிறோம்.

பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நேரே உள்ளே போய்விடும். சீழ் வடிந்ததும் வலி சட்டென்று குறையும், “சரியாயிட்டு” என்று விட்டுவிடுவோம். செவிப்பறை கிழிந்து அழுத்தம் இறங்கியதால் வந்த நிம்மதி அது. மாதக்கணக்கில் நாற்றத்தோடு வடியும் காது இன்னும் மோசம். உள்ளே எலும்பை அரித்துக்கொண்டிருக்கலாம், ஆபரேஷன் வரை போகும்.

வாய் கோணிய அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில், அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், அந்தப் பிரிவு இருக்கிறது. ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், தேவைப்பட்டால் செவிப்பறையில் சின்னதாகக் கீறிச் சீழை எடுப்பார்கள். சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முகம் பழையபடி ஆகிவிடும். காய்ச்சல் விட்டதே என்று மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

அப்புறம் கண். தூக்கத்தில் இமை பாதி திறந்து வெள்ளை விழி தெரியும். உலர்ந்தால் கருவிழி புண்ணாகும். டாக்டர் தரும் சொட்டு, களிம்பு மட்டும் போதும். தாய்ப்பால் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது இரண்டும் வேண்டாம்.

செவிப்பறை ஆறிவிட்டது என்று டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை தாமிரபரணியில் முங்கவிடாதீர்கள். குற்றாலத்தில் சாரல் சீசனாகவே இருந்தாலும் பிள்ளை கரையில் உட்காரட்டும்.