யானை ஆடவில்லை: காட்டுயிர் ஆவணப்படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் விலங்குகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கேமராவை முதலில் கொண்டுபோய் நிறுத்துவது கோயில் யானை முன்னால்தான். பக்கத்திலேயே இருக்கிறது, பார்க்கவும் அழகு. ஆனால் விலங்கின் உடம்பு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எடுப்பதுதான் இந்த வேலையில் பெரிய தவறு. அது அங்கேயே தொடங்கிவிடுகிறது.

யானை நின்ற இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டு, உடம்பை இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டிருக்கும். மேளத்துக்குத் தாளம் போடுகிறது என்று சுற்றி நிற்பவர்கள் ரசிப்பார்கள். எடிட்டிங்கில் அதன்மேல் ஒரு துள்ளல் இசையைச் சேர்த்தால் பார்ப்பவரும் அப்படியே நம்பிவிடுவார். நடக்க இடமில்லாமல், சேர்ந்திருக்க இன்னொரு யானையில்லாமல், சங்கிலியில் நெடுநேரம் நின்று பழகிய யானைகளிடம் வருகிற அசைவு அது. காட்டில் திரியும் யானைகளிடம் அதைப் பார்க்க முடியாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கன்னத்தில் ஈரக்கோடு தெரிந்தால் உடனே ‘யானை அழுகிறது’ என்று சோக இசையைப் போட்டுவிடுவார்கள். கண்ணின் ஈரத்தை மூக்குக்குள் வடிக்கிற குழாய் யானைக்குக் கிடையாது. அதனால் அது வெளியேதான் வழியும். ஆண் யானையாக இருந்தால், கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலிருந்து வடிவது மதநீராகவும் இருக்கலாம். யானைக்குத் துயரம் உண்டு, சந்தேகமே இல்லை. அதைக் காட்டப் பொய்யான கண்ணீர் எதற்கு?

முகத்தை விட்டுவிட்டுக் காலைப் படம்பிடியுங்கள். நகத்தில் வெடிப்பு இருக்கிறதா, நிற்பது கல்தரையா மண்தரையா, சங்கிலி எவ்வளவு நீளம், நிழல் எத்தனை மணிக்கு விலகுகிறது, தண்ணீர் எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா. இவற்றை ஒரே கோணத்தில், வெட்டாமல், நீண்ட நேரம் எடுத்தால் பின்னணிக் குரலே தேவைப்படாது. விளக்கு வைக்கும்போதும் கவனம் வேண்டும். மீனாட்சியம்மன் கோயில் யானை பார்வதிக்குக் கண்புரை வந்து, 2022-ல் தாய்லாந்திலிருந்து மருத்துவக் குழுவே வந்து பார்த்தது. கண்ணுக்கு நேராக எல்.ஈ.டி விளக்கைப் பிடிப்பது எந்த விலங்குக்கும் கூடாது.

அப்புறம் பாகன். அங்குசத்தை ஒரு குளோசப், அவர் அதட்டுவதை ஒரு ஷாட், வில்லன் தயார். அவருடைய சம்பளம் என்ன, விடுப்பு உண்டா, யானைக்கு நடைப்பயிற்சி வேண்டும் என்று கேட்டால் முடிவெடுப்பது யார் என்று கேட்காமல் முடிகிற படம் பாதிப் படம்தான். தமிழ்நாட்டில் வளர்ப்பு யானைகளுக்கென்றே 2011-ல் விதிகள் வந்துவிட்டன. அவற்றை வாசித்துவிட்டுப் போனால் கேள்வி பாகனைத் தாண்டி மேலே போகும். ‘அண்ணே, தும்பிக்கையத் தூக்கச் சொல்லுங்க’ என்று அவரிடம் கேட்கவே கேட்காதீர்கள். 2020-ல் திருப்பரங்குன்றத்தில் கோயில் யானை தெய்வானை தாக்கி அதன் பாகன் இறந்துபோனார். நமக்கு ஒரு ஷாட் கிடைக்க அவர் உயிரைப் பணயம் வைப்பது என்ன நியாயம்?

அழகர்கோயில் பக்கம் நடக்கிற தவறு வேறு. பழமுதிர்சோலைக்கு ஏறும் வழியில் வாழைப்பழத்தைக் காட்டி நாட்டுக் குரங்கை லென்ஸ் அருகே வரவழைப்பார்கள். அது பல்லைக் காட்டினால் ‘சிரிக்கிறது’ என்று எழுதுவார்கள். பெரும்பாலும் அது பயம், இல்லையென்றால் பணிவு. தீனி கொடுத்துப் பழக்கிய குரங்கு அடுத்து வருகிறவர் பையைப் பிடுங்கும், அதற்கு அடி வாங்கப்போவதும் அந்தக் குரங்குதான்.

தேவாங்கைப் பற்றி எடுக்கிறவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022-ல் அறிவிக்கப்பட்டது, 11,806 ஹெக்டேர். இரவில் நடமாடும் அந்தச் சிறிய உயிரின் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பது கொடுமை. மங்கலான சிவப்பு விளக்கு போதும், அதுவும் கொஞ்ச நேரம்தான். அதைவிட ஆபத்து, இடத்தைக் காட்டிக்கொடுப்பது. மூடநம்பிக்கைக்காகவும் மருந்து என்ற பேரிலும் தேவாங்கைப் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊர்ப் பலகை, அடையாளம் தெரிகிற பாறை, கோயில் கோபுரம் எதுவும் ஃபிரேமில் வரக் கூடாது. கேமராவும் போனும் பதிவு செய்கிற ஜி.பி.எஸ். விவரத்தையும் நீக்கிவிடுங்கள்.

அரிட்டாபட்டியில் ட்ரோன் ஆசையை அடக்கத்தான் வேண்டும். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்தக் குன்றுகளில் லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் இருக்கின்றன. கூடு இருக்கிற பாறைக்குப் பக்கத்தில் ட்ரோன் பறந்தால் தாய்ப்பறவை முட்டையை விட்டுவிட்டு அதை விரட்ட வரும். அந்த நேரத்தில் முட்டை வெயிலில் கிடக்கும். குன்றின் முழு அழகும் வேண்டுமென்றால் எதிர்க் குன்றில் ஏறி டெலி லென்ஸில் எடுங்கள். ஊர்க்காரர்களிடம் முதலில் பேசுங்கள், எந்தப் பறவை எந்த இடுக்கில் உட்காரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. சரணாலயத்துக்குள் போய்ப் படம் எடுக்க, 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. கோயில் யானைக்குக் கோயில் நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். திருட்டுத்தனமாக எடுத்துவிட்டுப் பிறகு மாட்டினால், விலங்கின் நிலைமையை விட்டுவிட்டு உங்களைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள்.

கடைசியாக, படம் முடிந்ததும் மூலக் காட்சிகளை அழித்துவிடுகிற பழக்கம். விருதுநகரில் லலிதா என்ற யானையின் பராமரிப்பு பற்றிய வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி 2023-ல் நேரிலேயே போய் அந்த யானையைப் பார்த்தார். எல்லா யானைக்கும் அப்படி ஒருவர் வர மாட்டார். தேதியும் நேரமும் பதிவான, வெட்டாத காட்சி இருந்தால், கால்நடை மருத்துவர் ஒருவர் பிறகு பார்த்து, புண் எப்போதிருந்து இருக்கிறது, நடை எப்போது மாறியது என்று சொல்ல முடியும். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் பத்திரப்படுத்தி, எந்தக் கோப்பில் எந்த விலங்கு, எந்த நாள் என்று எழுதி வையுங்கள்.