கிட்டார் ட்ராக்குக்குப் பளிச்: எந்த ப்ளக்இன் எடுப்பது?

"கிட்டார் மந்தமா இருக்கு, கொஞ்சம் பளிச்னு ஆக்கிக் கொடுங்க" என்று ட்ராக் வந்தால், எந்த ப்ளக்இனையும் (ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் சேர்க்கும் ஒலிக்கருவி) போடுவதற்கு முன், எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரைத் திறந்துவிடுவேன். வாக்ஸெங்கோவின் ஸ்பான் இலவசம்தான், அதுவே தாராளம். 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கிட்டாரின் சத்தம் இருக்கிறதா, இல்லையா? அதைப் பார்த்துவிட்டால் தேர்வில் பாதி முடிந்தது.

இருக்கிறதென்றால் ஈக்யூ (அலைவரிசைகளைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் கருவி) போதும். கண்டென்சர் மைக்கில் பதிந்த அக்கூஸ்டிக் கிட்டார் பெரும்பாலும் இந்த ரகம். அதில் மேல் அலைவரிசை முழுவதையும் ஒன்றாகத் தூக்கும் ஹை ஷெல்ஃபில் இரண்டு மூன்று டெசிபெல் ஏற்றினாலே முகம் தெளிந்துவிடும்.

ஆம்ப் முன்னால் மைக் வைத்துப் பதிந்த எலக்ட்ரிக் கிட்டார் அப்படியில்லை. கேபினெட்டில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் மளமளவென்று இறங்கிவிடும். அந்த ட்ராக்கில் 10 கிலோஹெர்ட்ஸைப் பிடித்துத் தூக்கினால் மேலே வருவது ஆம்பின் இரைச்சல்தான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அங்கே இல்லாத ஹார்மோனிக்ஸை, அதாவது சுரத்தின் அலைவரிசையைப் போல் இரண்டு, மூன்று என்று மடங்குகளில் வரும் மேல் ஒலிகளை, புதிதாக உண்டாக்க வேண்டும். ஒலியை லேசாகச் சிதைத்து அவற்றை உண்டாக்கும் சாச்சுரேஷன், எக்ஸைட்டர் வகை ப்ளக்இன்களுக்கு இங்கேதான் வேலை.

எக்ஸைட்டர் என்ற பெயர் பரவியது அஃபெக்ஸ் நிறுவனத்தின் ஆரல் எக்ஸைட்டரால். 1970களில் வந்த அந்தப் பெட்டியை முதலில் விற்கவே இல்லை. முடிந்த பாட்டின் நிமிடத்துக்கு 30 டாலர் என்று ஸ்டுடியோக்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். உள்ளே நடப்பது எளிது. ஒலியில் ஒரு கிளையைப் பிரித்து, ஹை-பாஸ் ஃபில்டரில் அடிப்பகுதியை வெட்டி, மிச்சத்தில் ஹார்மோனிக்ஸ் உண்டாக்கி, மூல ஒலிக்கு அடியில் துளி கலப்பது. கையில் இருக்கும் எந்த சாச்சுரேஷன் ப்ளக்இனை வைத்தும் இதைச் செய்யலாம். நான் கிட்டாரிலிருந்து ஒரு செண்ட் (ஒலியின் நகலைத் தனிப் பாதைக்கு அனுப்புவது) எடுத்து, 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அதன் பிறகு சாச்சுரேஷன் போடுவேன். வரிசை மாறக் கூடாது. வெட்டாமல் அனுப்பினால் தடித்த கம்பிகள்தான் ப்ளக்இனை ஓட்டும். பளிச் வராது, கரகரப்புதான் வரும்.

அடுத்து, எந்த ஹார்மோனிக்ஸ் வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். பொதுவாகப் பலரும் தவறவிடும் இடம் இது. ஐந்தாவது கம்பியைத் திறந்து மீட்டினால் 110 ஹெர்ட்ஸ், அதாவது ஏ. இரண்டாவது ஹார்மோனிக் 220, அதே சுரத்தின் மேல் ஆக்டேவ். மூன்றாவது 330, அது ஈ. ஐந்தாவது 550, அது சி ஷார்ப். இப்போது ஏ மைனர் கார்டை நினைத்துப் பாருங்கள். கார்டில் இருப்பது வெறும் சி. ஒற்றைப்படை ஹார்மோனிக்ஸை அழுத்தமாகக் கூட்டும் ப்ளக்இனைப் போட்டால், சி மேல் சி ஷார்ப் போய் உரசும். போதாததற்கு, கார்டின் சுரங்கள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் கார்டில் இல்லாத அலைவரிசைகளைப் பிறப்பிக்கும். பவர் கார்டில் வெறும் ஏயும் ஈயும்தான் என்பதால் அது எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். மைனர், செவன்த் என்று விரல் விரித்து வாசித்த ட்ராக் தாங்காது. ஆகவே பவர் கார்டு, சிங்கிள் நோட் லீட் என்றால் ஒற்றைப்படை. முழுக் கார்டு என்றால் இரட்டைப்படைப் பக்கம் சாய்வதும், அளவைக் குறைப்பதும் நல்லது. லீடையும் ரிதத்தையும் ஒரே பஸ்ஸில் (பல ட்ராக்குகள் ஒன்றுகூடும் பாதை) சேர்த்து சாச்சுரேட் செய்வதையும் இதே காரணத்தால் தவிர்க்கிறேன்.

சவுண்ட்டாய்ஸ் டெகாபிடேட்டரில் ஐந்து பொத்தான்கள் உண்டு. அதில் டி, பி இரண்டும் தெர்மியானிக் கல்ச்சர் வல்ச்சர் என்ற வால்வ் கருவியின் ட்ரையோட், பென்டோட் நிலைகள். டி இரட்டைப்படைப் பக்கமும் பி ஒற்றைப்படைப் பக்கமும் சாயும் என்பதால் கார்டுக்கு டி, லீடுக்கு பி என்று தொடங்குங்கள். அடிப்பகுதியை வெட்டும் லோ கட், மூல ஒலியோடு கலக்கும் மிக்ஸ் இரண்டும் உள்ளேயே இருப்பதால் தனி செண்ட் தேவையில்லை. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் சாஃப்ட்யூபின் சாச்சுரேஷன் நாப்: அதை 'கீப் லோ'வில் வைத்தால் அடிப்பகுதியைத் தொடாமல் மேலே மட்டும் கடிக்கும். நம் தேவைக்குக் கச்சிதம், மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பதும் இதுதான். ஃபேப்ஃபில்டர் சாட்டர்ன் 2 அலைவரிசையை ஆறு பட்டைகள் வரை பிரித்துத் தரும். அருமையான கருவி, ஆனால் என்ன தேடுகிறோம் என்று காதுக்குத் தெரிந்த பிறகு வாங்குங்கள். ஸ்லேட் டிஜிட்டலின் ஃப்ரெஷ் ஏர் இலவசம், இரண்டே குமிழ். அக்கூஸ்டிக்கில் அழகாக வேலை செய்யும். ஏற்கெனவே இருக்கும் மெல்லிய மேல்பகுதியை முன்னே இழுப்பதுதான் அதன் பலம் என்பதால் கேபினெட்டில் மேலே வெறுமையான ட்ராக்கில் இரைச்சலையும் சேர்த்து இழுத்துவரும்.

ஓவர்சாம்ப்ளிங் வசதி (ப்ளக்இன் தனக்குள் சாம்பிள் வேகத்தைப் பல மடங்காக்கிக் கணக்கிடுவது) இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சாம்பிள் வேகம் 44.1 கிலோஹெர்ட்ஸ் உள்ள ப்ராஜெக்டில், அதில் பாதியான 22.05க்கு மேலே எதுவும் நிற்காது, மடங்கிக் கீழே விழும். 8 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஐந்தாவது ஹார்மோனிக் 40. அது மடங்கி 4.1 கிலோஹெர்ட்ஸில், எந்தச் சுரத்தோடும் ஒட்டாமல் உட்காரும். கண்ணாடி கீறுவதுபோல் ஒரு கூச்சம் கேட்டால் இதைச் சந்தேகப்படுங்கள். நான்கு மடங்கு வைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமப்படுத்துங்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக இருந்தாலே அந்த ப்ளக்இன் நல்லதாகத் தோன்றும். அவுட்புட்டைக் குறைத்து, பைபாஸ் (ப்ளக்இனைத் தற்காலிகமாக விலக்கும் பொத்தான்) போட்டு எடுத்துப் பார்த்து, இரண்டும் ஒரே உரப்பில் கேட்கும்போது எது பிடிக்கிறதோ அதை எடுங்கள்.

அளவைத் தீர்மானிப்பது முழு மிக்ஸ் ஓடும்போதுதான், கிட்டாரை மட்டும் தனியாகக் கேட்கும் சோலோவில் அல்ல. மிக்ஸ் குமிழைக் கூட்டிக்கொண்டே போய், வித்தியாசம் தெரிகிற இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் பின்வாங்குங்கள். பிறகு பாடகர் வரும் வரியைப் போட்டுக் கேளுங்கள். 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸ்வரை குரலின் மெய்யெழுத்துகள் குடியிருக்கும் இடம். கிட்டார் அங்கே ஏறி ச, ட ஒலிகள் மழுங்கினால், சரணத்தில் செண்டைக் குறைத்து, இடையிசையில் மட்டும் ஏற்றும்படி ஆட்டோமேஷன் எழுதிவிடுங்கள்.