பிளாங்க் சுத்தமாக இருக்கிறதா?

பாஸ்டனின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் மார்பகப் புற்றுநோய் செல்களை வளர்த்து வந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கிடைத்தால் பெருகும் செல்கள் அவை. ஒரு கட்டத்தில், ஈஸ்ட்ரோஜனே சேர்க்காத தட்டுகளிலும் பெருகத் தொடங்கின. ஒவ்வொரு பொருளாக மாற்றிப் பார்த்ததில் கடைசியில் பிடிபட்டது பிளாஸ்டிக் சென்ட்ரிஃபியூஜ் குழாய். அதிலிருந்து, ஈஸ்ட்ரோஜனைப் போலவே செயல்படும் நோனைல்ஃபீனால் என்ற ரசாயனம் கசிந்திருந்தது. 1991இல் இதை வெளியிட்டார்கள். 1993இல் ஸ்டான்ஃபோர்டிலும் இதே கதைதான்: ஈஸ்ட் சுரப்பதாக நினைத்த ஈஸ்ட்ரோஜன், ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) சூடான பாலிகார்பனேட் பிளாஸ்டிக் குடுவையிலிருந்து வந்த பிபிஏ (பிஸ்பீனால் ஏ).

ஹார்மோனைக் குலைக்கும் ரசாயனங்களைத் தேடும் ஆய்வகத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆய்வகத்தைத்தான். பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் கையுறையில், கரைப்பான் பாட்டிலில், அறைத் தூசியில்கூட இருக்கும். கடை ரசீதின் வெப்பத் தாளில் பெரும்பாலும் பிபிஏ அல்லது அதன் உறவான பிபிஎஸ் இருக்கும். அதைத் தொட்ட விரலோடு குழாய் மூடியைத் திறந்தால் போதும், மாதிரி கெட்டுவிடும்.

இதற்குத்தான் பிளாங்க், அதாவது தேடும் பொருள் இல்லாத வெற்று மாதிரி. ஆனால் பலர் செய்யும் தவறு, வெறும் மெத்தனாலைக் கருவியில் செலுத்திவிட்டு 'பிளாங்க் சுத்தம்' என்று எழுதுவது. அது கருவி சுத்தம் என்று மட்டும்தான் சொல்கிறது. சோதிக்கும் மாதிரி சிறுநீர் என்றால், அதற்குப் பதில் தூய நீரை ஊற்றி, அதே குழாய், அதே நொதி, அதே வடிகட்டி என்று எல்லாப் படிகளையும் கடக்க வைத்தால்தான் எது கசிகிறது என்று தெரியும். ஒவ்வொரு தொகுதிக்கும் இதைச் செய்ய வேண்டும், ஒன்றுக்கு இரண்டாக.

அடுத்து, நொதி. பிபிஏ உடலில் ஒரு சர்க்கரை அமிலத்தோடு இணைந்து குளுக்குரோனைடாக மாறி, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடும். அதைப் பிரிக்கும் நொதியைச் சேர்க்காவிட்டால் அளவு மிகக் குறைவாகவே தெரியும். சேர்த்தாலும் வேலை முழுதாக முடிந்ததா என்று சோதிக்க வேண்டும். நொதியே இல்லாமல் அதிக பிபிஏ தென்பட்டால் மகிழ வேண்டாம், வெளியிலிருந்து கலந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

தாலேட்டை ரத்தத்தில் தேடுவது இன்னும் ஆபத்து. ஊசியிலும் குழாயிலும் ஒட்டிவந்த தாலேட்டை ரத்தத்தின் நொதிகளே உடைத்து, உடலில் உருவானது போன்ற மோனோஎஸ்டராக (தாலேட் பாதி உடைந்த வடிவம்) ஆக்கிவிடும். அப்புறம் எது கலப்படம், எது உடலில் இருந்தது என்று பிரிக்க வழியில்லை. சிறுநீரே நல்லது. அதிலும் ஒரே ஒரு முறை எடுத்ததை வைத்து ஒருவரின் வழக்கமான அளவைச் சொல்லிவிடக் கூடாது.

மாதிரி எடுக்கப் போகிறவரிடம் தூய நீர் நிரப்பிய ஒரு கொள்கலனையும் கொடுத்தனுப்புங்கள். அதுவும் ஒரு பிளாங்க்தான்: அங்கேயே திறந்து மூடி, மற்ற மாதிரிகளோடு சேர்த்தே திரும்பி வரட்டும்.